28 பிள்ளைங்க படிக்கிற ஒன்றியப் பள்ளிக்கு 10,000 ரூபாய்தான்: மீதிப் பணத்துக்கு எந்தச் சட்டம், எந்த ஆபீஸ்?

சூளகிரி_எஸ்எம்சி:

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி ஒன்றியத்துல ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அஞ்சு வகுப்பும் சேர்த்து 28 பிள்ளைங்க, 2 டீச்சர். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிங்கிற முறையில கேக்கறேன்.

வருஷ மானியம் 10,000 ரூபாய். பக்கத்து ஊர்ல 33 பிள்ளைங்க, அவங்களுக்கு 25,000. அஞ்சு பிள்ளைக்கு 15,000 வித்தியாசம் எப்படி வரும்? எங்க பள்ளியில ஒரு வகுப்பறைக் கூரை ஒழுகுது, காம்பவுண்டு சுவர் ஒரு பக்கம் இல்ல, கழிப்பறைக்குத் தண்ணி வர்றதில்ல. போன எடத்துல எல்லாம் ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. "டெல்லியில பணத்தை நிறுத்திட்டாங்க, ஒன்னும் வராது"ன்னு ஒருத்தர். "வீட்டு வரியில கல்விக்குப் பங்கு இருக்கு, ஊராட்சியில கேளுங்க"ன்னு ஒருத்தர். "கல் குவாரிப் பணம் பள்ளிக்கூடத்துக்குத்தான்"னு இன்னொருத்தர். எது நிஜம்? எந்தப் பணம் எந்தச் சட்டத்துல வருது, மனுவை யார்கிட்ட குடுக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மானியக்_கணக்கு:

மேடம், முதல்ல அந்த 10,000 விஷயம். அது சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய-மாநில அரசுகளின் கூட்டுக் கல்வித் திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். தலைக்கு இவ்வளவு என்று பிரித்துத் தருவதில்லை, படிக்கட்டு மாதிரி. 30 பிள்ளைகள் வரை 10,000. 31 முதல் 100 வரை 25,000. 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். அதனால்தான் 28-க்கும் 33-க்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம். சின்ன மலைக்கிராமப் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு சாதகமானதே இல்லை. 28 பிள்ளைக்கும் கூரை ஒன்றுதான், 98 பிள்ளைக்கும் கூரை ஒன்றுதான். ஆனால் விதி அதுதான்.

உங்களுக்கு 3 பிள்ளை குறைகிறது. புதுசாகச் சேர்ப்பதற்கு முன்னால், ஏற்கனவே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் கணக்கில் இருக்கிறார்களா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் நடக்கிற வழக்கமான சிக்கல் இது: அப்பா அம்மா பெங்களூரு பக்கம் கட்டட வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போய்த் திரும்பியிருப்பார்கள். பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கும், பெயர் மட்டும் பழைய பள்ளியில் இருக்கும். தமிழ்நாட்டுக்குள் என்றால் பழைய பள்ளி எமிஸில் (மாநிலக் கல்வித் துறையின் இணையப் பதிவு) டி.சி. போட்டு 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் உங்கள் தலைமை ஆசிரியர் இழுத்துக்கொள்ள முடியும். கர்நாடகப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை என்றால் யூடைஸ் பிளஸ்ஸில் (ஒன்றிய அரசின் பள்ளிக் கணக்கெடுப்புத் தளம்) அந்தப் பள்ளி 'டிராப் பாக்ஸ்'க்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆதார் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட அங்கேயே நிற்கும். யூடைஸ் கணக்கெடுப்புக்கு வழக்கமான குறிப்புத் தேதி செப்டம்பர் 30. அந்தத் தேதிக்குப் பதிவேட்டில் இருக்கிற பெயரும் எமிஸில் இருக்கிற பெயரும் யூடைஸில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று ஆகஸ்ட் மாதமே ஒரு மாலை நேரம் உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள். இப்போது விட்டால் அடுத்த வருட மானியத்தில்தான் தெரியும்.

மானியத்தை எதற்குச் செலவு செய்யலாம்: உடைந்த பொருளை மாற்ற, சாக்பீஸ், பதிவேடு, விளையாட்டுப் பொருள், மின்கட்டணம், குடிநீர், இருக்கிற கட்டடத்திலும் கழிப்பறையிலும் சின்னப் பழுது. புதுச் சுவர் எழுப்ப முடியாது. குறைந்தது 10% தூய்மைப் பணிக்குப் போக வேண்டும், உங்களுக்கு 1,000 ரூபாய். விளையாட்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 வரை தனியாக உண்டு, அதை இதோடு கலக்காதீர்கள்.

பணம் சிக்குகிற இடம் வேறு. 2021 ஜூலைக்குப் பிறகு மானியம் பள்ளிக் கணக்கில் வந்து கிடப்பதில்லை. மாநிலத்துக்கு ஒரே தலைமைக் கணக்கு, பள்ளிக்குச் செலவு வரம்பு மட்டும் ஒதுக்குவார்கள். பி.எஃப்.எம்.எஸ். என்ற அரசின் பணப் பட்டுவாடா இணையதளத்தில் ஒருவர் பில்லைப் பதிந்து, இன்னொருவர் ஒப்புதல் கொடுத்த பிறகு பணம் கடைக்காரர் கணக்குக்கு நேராகப் போகும். மார்ச் 31 தாண்டினால் செலவாகாத வரம்பு போய்விடும். வரம்பு பெரும்பாலும் வருடக் கடைசியில்தான் வரும், ஒரே தடவையாகவும் வராது. கடைக்காரரின் வங்கி இணைந்து ஐ.எஃப்.எஸ்.சி. மாறியிருந்தால் பணம் திரும்பி வரும், மறுபடி பதிவதற்குள் மார்ச் முடிந்துவிடும். ஆகவே வரம்புக்காகக் காத்திருக்காமல் ஜனவரியிலேயே குழுத் தீர்மானம், விலைப்புள்ளி, கடைக்காரரின் பாஸ்புக் முதல் பக்க நகல் எல்லாம் தயாராக இருக்கட்டும். வாங்கிய பொருள் அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். தணிக்கையில் முதல் கேள்வி அதுதான்.

---

ஒன்றிய_ஓவர்சியர்:

மேலே சொன்னது சரி. ஆனா கூரையையும் சுவரையும் அந்த மானியத்துல தேடறதே வீண். அதுக்கு வழி வேற.

அக்கா, உங்க பள்ளிப் பேர்லயே விடை இருக்கு. "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி". 1981 ஜூன் 1-லருந்து ஒன்றியப் பள்ளி ஆசிரியருங்க அரசு ஊழியருங்க, சம்பளம் கல்வித் துறை. கட்டடம் மட்டும் இன்னும் ஒன்றியத்தோட சொத்து. அதனால டீச்சர் பத்தலைன்னா வட்டாரக் கல்வி அலுவலர், கூரை ஒழுகினா வட்டார வளர்ச்சி அலுவலர். ரெண்டு பேரும் 'வட்டார'ங்கறதால நெறைய மனு தப்பான மேஜைக்குப் போய் மாசக்கணக்கா கெடக்கும். பக்கத்துல இருக்கற உயர்நிலைப் பள்ளிக்கு இந்த வழி பொருந்தாது, அது நேரடியா அரசுப் பள்ளி.

ஒன்றியத்துக்குக் காசு எங்கருந்து வருது? மாநில நிதிக் குழு மானியம்தான் முதுகெலும்பு. மாநிலத்தோட சொந்த வரி வருவாய்ல 10% உள்ளாட்சிகளுக்குன்னு ஒதுக்கி, நகரம் கிராமம்னு பிரிச்சு, கிராமப் பங்கை ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சின்னு மூணா பிரிப்பாங்க. ஒன்றியத்துக்கு வர்றது பொது நிதியில சேரும், பள்ளிப் பழுது அங்கருந்து எடுக்கலாம். வகுப்பறையே புதுசா வேணும்னா பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டமோ, குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டமோ. ஒன்றியப் பள்ளிகள்ல அந்த வேலையும் ஊரக வளர்ச்சித் துறை வழியாத்தான் நடக்குது.

வேலை நகர்ற வரிசை: குழுத் தீர்மானம், மனு, ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்து மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை, எம்-புக்ல (அளவுப் புத்தகம்) அளவு, பில். முக்கால்வாசி மனு ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுலதான் சாகும். ஏன்னா "பள்ளியைச் சீரமைத்துத் தருக"ன்னு எழுதியிருப்பாங்க. அதை வெச்சு என்ன மதிப்பீடு போடறது? எந்த அறை, எத்தனை அடிக்கு எத்தனை அடி, தட்டோடு பேந்திருக்கா, உள்பக்கம் சிமெண்டு உதிர்ந்து கம்பி தெரியுதா, கட்டுன வருஷம் என்ன, இதெல்லாம் எழுதி ரெண்டு போட்டோ வெச்சா ஆள் வருவாங்க. கம்பி துருப்பிடிச்சு வெளிய தெரிஞ்சா அது பழுது இல்ல, ஆபத்து. பிள்ளைங்களை அந்த ரூம்ல உக்கார வெக்காதீங்க, அன்னைக்கே எழுத்துல குடுங்க. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு பசங்க போனதுக்கப்புறம் இடிக்க வேண்டிய கட்டடத்தைத் தனியா கணக்கெடுக்கறாங்க, அந்த வகையில வந்தா ஃபைல் சீக்கிரம் நகரும்.

மனு குடுக்கறதுக்கு முன்னால ஒரு வேலை: ஆளை மேல ஏத்தி மொட்டைமாடி தண்ணி போற குழாயைப் பாருங்க. நம்ம பக்கம் பள்ளிக்கூடத்துல புளியமரம் இல்லாத எடம் கம்மி. அந்தப் பொடி இலை குழாய் வாயை அடைச்சு, மழைத்தண்ணி ரெண்டு நாள் மேலயே நின்னு, தட்டோடு இடுக்கு வழியா எறங்கும். கூரை போச்சுன்னு நெனைச்சதுல பல கேசு இதுதான். அதைச் சுத்தம் பண்ணி இடுக்கை அடைக்க உங்க 10,000 மானியமே போதும்.

---

சட்டப்பிரிவு:

"டெல்லியில் நிறுத்திட்டாங்க" என்பதில் பாதி உண்மை. கல்வி 1976-ல் 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போனது. அதன் பிறகு மாநிலச் சட்டமன்றம் தனியாக முடிவெடுக்கும் இடம் சுருங்கிவிட்டது. சமக்ர சிக்ஷாவில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்திலும் தேசியக் கல்விக் கொள்கையிலும் தமிழ்நாடு சேராததால் 2024-25-க்கான ஒன்றிய அரசின் பங்கு, சுமார் 2,152 கோடி, நிறுத்திவைக்கப்பட்டது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. மானியம் பாதியாக வருவதற்கும் தாமதமாக வருவதற்கும் இதில் தொடர்பு உண்டு.

ஆனால் "ஒன்னும் வராது" என்று சொல்லி அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 7, நிதிப் பொறுப்பை இரு அரசுகளுக்கும் சேர்த்தே வைக்கிறது. அதன் 5-ஆம் உட்பிரிவு, ஒன்றிய அரசு தருவதையும் தன் வளத்தையும் கணக்கில் கொண்டு சட்டத்தை நடத்த நிதி தருவது மாநிலத்தின் பொறுப்பு என்கிறது. உங்கள் கையில் உள்ள ஆயுதம் பிரிவு 22. மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்தான் அரசும் உள்ளாட்சியும் போடும் திட்டத்துக்கும் மானியத்துக்கும் அடிப்படை என்று அதில் எழுதியிருக்கிறது. பிரிவு 21, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று கண்காணிக்கும் அதிகாரத்தைக் குழுவுக்குத் தருகிறது. தலைமை ஆசிரியர் எழுதும் கடிதம் வேண்டுகோள். குழு நிறைவேற்றி அனுப்பும் திட்டம் சட்டப்படியான ஆவணம்.

ஆசிரியர் எண்ணிக்கையில் கவலைப்பட வேண்டாம். அதே சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளை வரை 2 ஆசிரியர். அது 28-க்கும் பொருந்தும்.

வீட்டு வரிக் கதைக்கு வருவோம். நூலக வரியைத்தான் கல்விப் பங்கு என்று யாரோ குழப்பியிருக்கிறார்கள். 1948 பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரி ரூபாய்க்கு 10 காசு நூலக வரி, அது மாவட்ட நூலக ஆணைக் குழுவுக்குப் போகிறது. ஊர்ப் பொது நூலகத்துக்கு உதவும். பள்ளி அலமாரிக்கு வராது. வருமான வரியோடு பிடிக்கும் 4% சுகாதார, கல்வி மேல்வரியும் அப்படித்தான்: மேல்வரி என்பதால் மாநிலங்களோடு பகிரும் தொகுப்பில் சேராது.

இன்னொன்று, யாரும் கூட்டத்தில் பேசாதது. அதே 2009 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் தனியார் பள்ளியில் 25% இடத்துக்கு அரசு கட்டணம் கட்டுகிறது. தனிப்பட்ட குடும்பத்துக்கு அது நன்மை. ஆனால் வேன் வந்து போகும் ஊரில் நான்கு பிள்ளை அந்த வழியில் போனால், ஒன்றியப் பள்ளி 31-லிருந்து 27-க்கு இறங்கி 15,000 இழக்கும். ஒரே சட்டம்தான், வலது கையால் கொடுத்ததை இடது கை எடுத்துக்கொள்கிறது.

---

கருங்கல்:

குவாரிப் பணம் பத்தி நான் சொல்றேன். ரெண்டு தனித்தனிப் பணம், ஊர்ல ஒன்னாப் பேசறாங்க.

ஒன்னு, மாவட்டக் கனிம அறக்கட்டளை. 2015-ல கனிமச் சட்டத்தைத் திருத்தி, குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டற கனிமக் கட்டணத்தோட கூடுதலா ஒரு பங்கு மாவட்டத்துக்குன்னு வெச்சாங்க. தமிழ்நாட்டு விதிகள் 2017-ல வந்துச்சு. கலெக்டர் தலைமை. கிரானைட் இருக்கறதால கிருஷ்ணகிரிக்கு இது முக்கியமான பணம். 2024 வழிகாட்டுதல்படி குறைஞ்சது 70% முன்னுரிமைத் துறைக்குப் போகணும், அதுல குடிநீர், சுகாதாரம், கல்வி மூணும் இருக்கு. குவாரியிலருந்து 15 கி.மீ.க்குள்ள இருந்தா நேரடியாப் பாதிக்கப்பட்ட பகுதி. உங்க ஊர் அந்த எல்லைக்குள்ள வருதான்னு கனிமவளத் துறை உதவி இயக்குநர் ஆபீஸ்ல கேளுங்க. வந்தா, மதிப்பீட்டோட கலெக்டர்கிட்ட திங்கட்கிழமை குறைதீர் நாள்ல குடுங்க. மதிப்பீடு இல்லாத மனுவைத் திரும்ப ஒன்றியத்துக்கே அனுப்புவாங்க, அதுல ரெண்டு மாசம் போயிடும்.

ரெண்டாவது, 2025 ஏப்ரல் 4-லருந்து அமலுக்கு வந்த கனிம வளம் கொண்ட நிலங்கள் மீதான வரி. அது மாநிலக் கருவூலத்துக்குப் போகுது. உங்க ஊர்க் கல்லுக்குக் கட்டின வரின்னு சொல்லி அதுல பள்ளிக்குப் பங்கு கேக்க முடியாது.

ஓசூர், சூளகிரி பக்கம் கம்பெனிங்களுக்கும் பஞ்சமில்ல. கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவுல 2% சமூகப் பொறுப்பு நிதி இருக்கு, உள்ளூருக்கு முன்னுரிமை தரணும்னு அதுலயே எழுதியிருக்கு. ஆனா கையில காசா வாங்காதீங்க. 2022 டிசம்பர்ல தொடங்கின 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'ங்கற அரசுத் திட்டம் வழியா வந்தா கணக்கு சுத்தமா இருக்கும்.

---

சூளகிரி_எஸ்எம்சி:

இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல, ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். காம்பவுண்டு சுவருக்கும் ஒன்றியப் பொது நிதிதானா? கழிப்பறைத் தண்ணிக்கு ஊராட்சியில கேட்டா "அது ஒன்றியப் பள்ளி, எங்களுக்குச் சம்பந்தமில்ல"ங்கறாங்க. போர் போடலாமான்னும் யோசிக்கறோம்.

---

ஒன்றிய_ஓவர்சியர்:

கட்டடம் ஒன்றியத்தோடது, தண்ணி ஊராட்சியோடது. ஊருக்குக் குடிநீர் குடுக்கறது கிராம ஊராட்சியோட கடமை, பள்ளிக்கூடமும் ஊர்லதான இருக்கு? டேங்க்ல இருந்து பள்ளிக்கு லைன் இழுக்கறது ஊராட்சி வேலை. ஒன்றிய அரசோட 15-ஆவது நிதிக் குழு மானியத்துல (2021-26) 60% குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்ட பணம், பள்ளிக் கழிப்பறைக்குச் சரியாப் பொருந்தினது அதுதான். அதுல ஒரு முடிச்சு இருக்கு. தேர்ந்தெடுத்த உள்ளாட்சி இருந்தாத்தான் அந்த மானியம்னு நிபந்தனை. நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் 2019 தேர்தல்ல வந்தவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுது. சட்டத்தைத் திருத்தித் தனி அலுவலரை வெச்சாங்க, தேர்தல் தள்ளிப்போச்சு. "நிதி இல்ல"ன்னு சொன்னா எந்த நிதி இல்லன்னு கேளுங்க. நிதிக் குழு மானியம் நின்னாலும் ஊராட்சியோட சொந்த வரியும் மாநில நிதிக் குழுப் பங்கும் தனி. தலைவர் இல்லாத காலத்துல கிராம ஊராட்சிக்குப் பொறுப்பு பி.டி.ஓ. (கிராம ஊராட்சி), அதாவது கிராம ஊராட்சிகளைப் பாக்கற வட்டார வளர்ச்சி அலுவலர். மனுவை அவர் பேருக்கு எழுதுங்க.

போர் வேண்டாம். நம்ம பக்கம் நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம், அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா பல்லுல கறை, அப்புறம் எலும்பு. கழிப்பறைக்குன்னு போட்ட போர்ல பசங்க குடிக்காம இருக்கப்போறதில்ல. ஒகேனக்கல் லைன் வர்ற டேங்க்ல இருந்து இணைப்பு கேளுங்க.

சுவருக்கு ஒன்றியப் பொது நிதியில எடம் கெடைக்கறது கஷ்டம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி தொகுதிக்கு வருஷம் 3 கோடி, அதுல கேளுங்க. இல்லன்னா நமக்கு நாமே திட்டம்: ஊர்க்காரங்க மூணுல ஒரு பங்கு கட்டினா மீதி அரசு. ஒரு பக்கச் சுவர் மட்டுங்கறதால அது கைக்கு அடக்கமாவே இருக்கும். சுவர் கேக்கறதுக்கு முன்னால எல்லையை சர்வேயரை வெச்சு அளந்துடுங்க. பள்ளி எடத்தோட பட்டா யார் பேர்ல, புறம்போக்கா, தானமா குடுத்ததா, இது தெரியாம டெண்டர் வரைக்கும் போய் பக்கத்து நிலத்துக்காரர் தடுத்து நின்ன வேலை ஏராளம்.

கிராம சபைத் தீர்மானத்தையும் சேத்து வெச்சா வலு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு. தீர்மானத்தை இப்படி எழுதுங்க:

"…… ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் (யூடைஸ் எண் 33……) வடக்கு வகுப்பறை, 20 அடிக்கு 18 அடி, மேற்கூரைத் தட்டோடு பெயர்ந்து ஒழுகுவதால், அதைப் பெயர்த்து மறுபடி பதிக்கும் பணிக்கு மதிப்பீடு தயாரித்து ஒன்றியப் பொது நிதியில் எடுத்துச் செய்யுமாறு வட்டார வளர்ச்சி அலுவலரைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவின் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் இப்பணி வரிசை எண் 1-ஆக இடம்பெற்றுள்ளது."

அளவை நீங்க டேப் வெச்சு அளந்ததைப் போடுங்க. கூரை, சுவர், தண்ணி மூணையும் ஒரே தீர்மானத்துல அடுக்காதீங்க. மூணும் வேற வேற நிதி, மூணு தீர்மானம், மூணு மனு.

---

மானியக்_கணக்கு:

ஒன்று விட்டுப்போயிற்று. சத்துணவு, காலை உணவுச் சமையலறை ஒழுகினால் அதை இந்த மனுக்களோடு சேர்க்க வேண்டாம். சத்துணவுக்கு ஒன்றிய அலுவலகத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே தனியாகக் கொடுங்கள். மனு ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டில் தேதி முத்திரை வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். தலைமை ஆசிரியர் மாறுதலில் போனாலும் அடுத்து வருபவர் அங்கிருந்து தொடரலாம்.